புள்ளி எங்கே?



தீபாவளி நெருங்கிவிட்டது. கோவை ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் கால் வைக்க இடமில்லை. உங்கள் வீட்டில் புதுத்துணி எடுத்தாயிற்றா? முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்தாயிற்றா? பட்டாசுப் பட்டியல் மூன்றாவது முறையாகத் திருத்தப்பட்டு அப்பாவிடம் போயிருக்குமே! எல்லாம் சரி. வாசலுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

போன வாரம் எங்கள் தெருவில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு வாண்டிடம் இதையே கேட்டேன். "கோல ஸ்டிக்கர் வாங்கியாச்சுங்க டீச்சர், உரிச்சு ஒட்டுனா முடிஞ்சுதுங்க" என்றான். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மில் ஷிப்டுக்குப் போகிற அம்மா வாசலில் உட்கார்ந்து இருபது புள்ளிக் கோலம் போட முடியுமா? அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் என்பதே இரண்டு அடிதான். ஆனால் இந்த ஒரு பண்டிகைக்கு மட்டும், பெரியவர்களின் வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டால் என்ன? ஸ்டிக்கரைக் கடையிலேயே விட்டுவிட்டு, உங்கள் கையால் ஒரு கோலம். தனியாக வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதில் தப்புச் செய்தவள் நான்தான்.

2012-ஆம் ஆண்டு. அப்போது திருப்பூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் வேலை பார்த்தேன். தீபாவளி விடுமுறை விடுவதற்கு முந்தின நாள் கோலப்போட்டி வைத்தோம். பள்ளி வராந்தாவில் சாக்பீசால் மூன்றடிக்கு மூன்றடி கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கட்டம் கொடுத்தோம். நேரம் ஒரு மணி. மதிப்பெண் 50. அதில் புள்ளி வரிசைக்கு 10, இழைக்கு 10, நிறத்துக்கு 10 என்று நானே தாளில் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்து எனக்கே பெருமை!

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அந்த ஜூன் மாதம்தான் சேர்ந்தவள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் வேலை. தமிழில் எண்ணத் தெரியும், "தண்ணி", "போலாமா", "வேண்டாம்" இப்படிச் சில சொற்கள் தெரியும், அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் கலர்ப்பொடிப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் கொண்டுவந்தது ஒரு டம்ளர். அதில் ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவு, இட்லி மாவைவிடக் கொஞ்சம் நீர்த்த பதத்தில்.

அவள் புள்ளியே வைக்கவில்லை. சின்னத் துணியை மாவில் நனைத்து உள்ளங்கையில் அடக்கிக்கொண்டாள். விரல் நுனி வழியாக மாவு மெல்லிய கோடாக இறங்கியது. ஒரு படகு வரைந்தாள். பாய்மரம் கட்டிய பெரிய படகு. அதை அறை அறையாகப் பிரித்தாள். ஓரத்தில் நெற்கதிர் மாதிரி ஏதோ வரைந்தாள்.

நான் தாளும் பேனாவுமாக வந்து நின்றேன். "புள்ளி எங்கே?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. விரலால் தரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டி மறுபடியும் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே படகைக் காட்டினாள். "தீபாவளிக்குப் படகா?" என்று பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவர்களை அடக்கவில்லை. புள்ளி வரிசை என்ற இடத்தில் சைபர் போட்டேன். நிறம் என்ற இடத்திலும் சைபர். முதல் பரிசு வாங்கிய கோலம், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் அச்சில் பொடியைக் கொட்டித் தட்டியது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். ஏனென்றால் தாளில் கூட்டினால் அதற்குத்தான் அதிகம் வந்தது.

சாயந்திரம் வராந்தாவைக் கூட்டினார்கள். பொடியில் போட்ட கோலமெல்லாம் முறத்தில் ஏறிப் போய்விட்டது. அவளுடைய படகு போகவில்லை. காய்ந்த அரிசி மாவு சிமெண்டில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், ஓரத்தை எறும்பு கொஞ்சம் தின்றிருந்தது. மற்றபடி படகு இருந்தது. அவள்தான் வரவில்லை. அப்பா வேறு ஊரில் வேறு மில்லுக்கு மாறிவிட்டாராம். மாற்றுச் சான்றிதழ்கூட வாங்கவில்லை. அந்தப் படகு முழுசாக அழிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போவேன்.

அந்தப் படகு என்ன என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 2018-இல் ஓய்வுபெற்றுக் கோவைக்கு வந்த பிறகு, எங்கள் தெருவில் ஒரு ஒடியாக் குடும்பம் குடிவந்தது. அந்த அம்மாதான் சொன்னார். ஒடிசாவில் தீபாவளி அன்று வாசலில் படகு வடிவத்தில் கோலம் போடுவார்களாம். அதை அறைகளாகப் பிரித்து, உப்பு, கடுகு, மஞ்சள், பஞ்சு என்று ஒவ்வொன்றை ஒவ்வொரு அறையில் வைப்பார்களாம். பொழுது சாய்ந்ததும் சணல் குச்சிகளைக் கொளுத்தி உயர்த்திப் பிடித்து, குடும்பத்தில் மறைந்துபோன பெரியவர்களை அழைத்து, வெளிச்சம் காட்டி வழியனுப்புவார்களாம். ஆக, அந்தப் பெண் வரைந்தது தீபாவளிக் கோலம்தான்! அந்த வராந்தாவில் இருந்த அத்தனை கோலங்களிலும் தீபாவளிக்கென்றே உரிய கோலம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மார்கழிக்கும் போடலாம், தைக்கும் போடலாம்.

அதற்கு நான் சைபர் போட்டேன்.

கோலம் என்றால் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நீங்களும் நினைத்துக்கொண்டிருந்தால், இதைக் கேளுங்கள். நாம் புள்ளி வைத்துக் கோலம் என்கிறோம். தெலுங்கு பேசுகிற வீட்டில் அதுவே முக்கு. மகாராஷ்டிரத்தில் ரங்கோலி. வங்காளத்தில் அரிசி மாவைக் கரைத்து விரலால் போடுவது ஆல்பனா. பீகாரின் மிதிலைப் பக்கம் அரிபன். ஒடிசாவில் ஜோட்டி. வாளையாறைத் தாண்டினால் கேரளத்தில் ஓணத்துக்குப் பொடியே இல்லாமல் பூவிலேயே பூக்களம். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் இன்று எங்கே இருக்கிறார்கள்? கோவையிலும் திருப்பூரிலும்தான்! உங்கள் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். "உங்க வீட்டுல எப்படிப் போடுவாங்க?" என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. 34 வருடம் வாத்தியார் வேலை பார்த்தும் கேட்டதில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் ஒன்று நடந்தது. கமலா ஹாரிஸ் அந்த நாட்டின் துணை அதிபராகப் பதவியேற்ற சமயம். அவருடைய தாத்தாவின் ஊர் நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அவரை வரவேற்கக் கோலம் போடலாம் என்று அங்கே சிலர் நினைத்தார்கள். அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் தமிழ் ஓவியர் சாந்தி சந்திரசேகர். ஆனால் அது கொரோனாக் காலம். கூட்டமாக உட்கார முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? அவரவர் வீட்டில் அவரவர் ஒரு சதுரத்தில் கோலம் போட்டு அனுப்ப வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய கோலமாக அடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1,800-க்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. தமிழே தெரியாதவர்களும் போட்டார்கள். பாதுகாப்புக் கெடுபிடியால் நினைத்தபடி வாஷிங்டனில் பரப்பி வைக்க முடியாமல் போய், வீடியோவாகத்தான் ஊருக்குக் காட்டினார்கள். போகட்டும். அந்த யோசனை நமக்கு ரொம்பப் பொருந்தும்!

ஏன் என்றால் ஐப்பசி அடைமழை மாதம். நம் கோவைப் பக்கம் நல்ல மழை பெய்வதே இந்தச் சமயம்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் கோலம் சாக்கடைக்குப் போயிருக்கும். அட்டையில் செய்தால் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். மழை விட்டதும் மறுபடி வெளியே பரப்பலாம்.

அட்டைக்குக் காசு வேண்டாம். ஜவுளிக்கடைப் பெட்டி, பட்டாசுப் பெட்டி, ஸ்வீட் பெட்டி எதுவானாலும் சரி. எல்லாரும் ஒரே அளவில் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர், அதாவது உங்கள் பெரிய ஸ்கேல் நீளம் வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். இனிமேல்தான் முக்கியமான விஷயம். அட்டையின் நான்கு பக்கத்திலும் சரியாக நடுவில், 15 சென்டிமீட்டரில், பென்சிலால் ஒரு குறி வையுங்கள். உள்ளே நீங்கள் என்ன வேண்டுமானாலும் போடலாம். தாமரை போடலாம், மயில் போடலாம், சிக்குக் கோலம் போடலாம், படகு போடலாம். ஒரே ஒரு சட்டம்தான். உங்கள் கோலத்தின் இழை அந்த நான்கு குறிகளிலும் அட்டையின் விளிம்பைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

இப்படிச் செய்தால் யார் அட்டையை யார் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாலும் இழை சேரும். எப்படித் திருப்பி வைத்தாலும் சேரும்! நான்கு பேர் ஆளுக்கு ஒரு மூலையைச் சுற்றி, அடுத்தடுத்த இரண்டு குறிகளைக் கால்வட்டமாக இணைத்திருந்தால், நான்கு அட்டையையும் அந்த மூலைகள் தொடும்படி சேர்த்த உடனே நடுவில் ஒரு முழு வட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் தடவை அது சேரும்போது பிள்ளைகள் கத்துகிற கத்து இருக்கிறதே, அதற்காகவே நான் இதை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

அட்டையில் ஒட்டுவதற்கு என்ன? கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு இதைக் கேட்கலாமா! நாமக்கல் முட்டை ஊருக்கெல்லாம் போகிறது. ஓட்டை நாம் குப்பையில் போடுகிறோம். அந்த ஓட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்துவிட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். பிறகு துணியில் சுற்றிக் கையால் அழுத்தினால் சில்லு சில்லாக உடையும். மஞ்சள் தண்ணீரில் ஒரு இரவு போட்டால் மஞ்சள் சில்லு, பீட்ரூட் சாற்றில் போட்டால் ரோஸ் சில்லு. மைதாப் பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் முடித்துப் பார்த்தால் மொசைக் தரை தோற்றுப்போகும். முட்டை வாங்காத வீடா? புளியங்கொட்டையும் பூசணி விதையும் இருக்கவே இருக்கின்றன.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பனியன் வேஸ்ட் கிடைக்கும். கலர் கலரான அந்த வெட்டுத்துணியைச் சின்னச் சின்ன சதுரமாக நறுக்கி, நடுவில் பென்சில் முனையை வைத்துக் கசக்கி ஒட்டினால் பூ மாதிரி எழுந்து நிற்கும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் தேங்காய் நாரை முறுக்கிக் கயிறாக்கி, அதையே கோலத்தின் இழையாக வளைத்து ஒட்டலாம். போன வருடம் ஒரு பையன் அப்படித்தான் செய்தான். அவன் அட்டைதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது என்று நான் சொன்னால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே சொல்லவில்லை.

ஆமாம், பையன்தான். கோலம் பெண்பிள்ளை வேலை என்று யாராவது ஆரம்பித்தால், கை முறிந்து எங்கள் அம்மா மூன்று மாதம் படுத்திருந்தபோது வாசல் கோலம் முழுவதும் போட்டவன் என் தம்பி என்று சொல்லுங்கள். எனக்கு இழை கோணும். அவனுக்குக் கோணாது.

அட்டையெல்லாம் வேண்டாம், தரையில்தான் போடுவேன் என்கிறவர்களுக்கு என் அம்மாயி சொல்லிக்கொடுத்த நிறங்களைச் சொல்கிறேன். அம்மாயி வீடு கொடுமுடிப் பக்கம். அந்தக் காலத்தில் கலர்ப்பொடிப் பொட்டலம் எங்கே இருந்தது? வெள்ளைக்கு அரிசி மாவு. சிவப்புக்கு உடைந்த செங்கல்லைப் பொடித்துச் சலித்தது. கறுப்புக்கு அடுப்புக்கரி. பச்சைக்கு முருங்கை இலையை நிழலில் உலர்த்தி நுணுக்கியது. மஞ்சளுக்கு நம் ஊர் மஞ்சள் (2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் அல்லவா!). பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கையை நகர்த்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நான் உதறி உதறிப் போடுவேன். "உதறாத கண்ணு, விட்டுக்கிட்டே வா" என்பார் அம்மாயி. கோணினால் அழிக்க விடமாட்டார். கோணின இடத்தை ஒரு இலையாக மாற்றச் சொல்வார்.

மஞ்சளில் ஒரு வேடிக்கை செய்யலாம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து, சமையல் சோடா ஒரு சிட்டிகை போடுங்கள். செம்மஞ்சள் நிறத்துக்கு மாறும். அதிலேயே எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக்கொண்டு பழையபடி மஞ்சளாகும்! ஆரத்தித் தட்டில் சிவப்பு வருவது இதனால்தான். அங்கே சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு. சட்டையில் கறி சிந்திய மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கிறதே, அதுவும் இதேதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மஞ்சளாகும். லிட்மஸ் தாள் வேலையை நம் சமையலறை டப்பா செய்கிறது! ஆனால் சுண்ணாம்பை நீங்கள் தொட வேண்டாம். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. சோடா போதும்.

கடையில் விற்கும் வெள்ளைக் கோலப்பொடி பெரும்பாலும் கல்லை அரைத்த பொடி. அதை எறும்பு தின்னாது. மூக்கில் ஏறினால் நமக்கும் ஆகாது. ஆகவே ஊதி விளையாடக் கூடாது. பண்டிகை முடிந்ததும் கலர்ப்பொடியைத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் தள்ளாமல், கூட்டி அள்ளிக் குப்பையில் போடுங்கள். வெள்ளியங்கிரி மலையில் தெளிவாகப் பிறக்கும் நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது சாயத்தில் என்ன பாடுபட்டது என்று அப்பாவிடம் கேளுங்கள். 2011-இல் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. உங்கள் வீட்டு ஒரு பிடிப் பொடியால் ஆறு கெட்டுவிடாதுதான். ஆனாலும் அள்ளிப் போடுங்கள்.

புள்ளியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். புள்ளி வைக்காத கோலத்துக்குச் சைபர் போட்டது தப்பு என்றேனே தவிர, புள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை! புள்ளிக் கோலம் நம்முடைய கணக்குப் பாடம். நடுவரிசையில் 7 புள்ளி வையுங்கள். அதற்கு மேலும் கீழும் 5, பிறகு 3, பிறகு 1. இது நேர்ப்புள்ளி. மொத்தம் எத்தனை? எண்ணாமல் சொல்ல முடியுமா? கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். சாய்வாக நாலுக்கு நாலு ஒரு கட்டம், அதன் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்று இன்னொரு கட்டம். 16-ம் 9-ம் சேர்ந்து 25! சரி, மார்கழியில் அம்மா போடுகிற 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளிக் கோலத்தில் எத்தனை புள்ளி? நடுவில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8 வரை. கூட்டிப் பாருங்கள். 169 வந்தால் சரி. அது 13-ஐ 13-ஆல் பெருக்கியது என்பது தற்செயலாக அமைந்தது, ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது அல்லவா?

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. செவ்வகமாகப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழை குறுக்கிடும்படி சிக்குக் கோலம் போடுங்கள். 3 வரிசை, 4 புள்ளி என்றால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து ஒரே இழையில் முடியும். 3 வரிசை, 3 புள்ளி என்றால் மூன்று தனித்தனி இழை வேண்டும். 4 வரிசை, 6 புள்ளி என்றால் இரண்டு. ஏன்? இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடியுங்கள், ரகசியம் தெரிந்துவிடும்.

இதெல்லாம் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை வைத்தே கணினிக் கணக்கியலில் 1974-இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். ஒரு படத்தை எந்தெந்த விதிகளால் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதற்கு நம் வீட்டு வாசல் கோலம் அவர்களுக்கு உதாரணமாயிற்று. நம் பாட்டிமார் யாரும் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்தக் கோலம் ஒரே இழையில் முடியும், எது முடியாது என்று அவர்கள் கைக்குத் தெரியும். இந்த விடுமுறையில் பாட்டியோ அம்மாயியோ அப்பத்தாவோ பக்கத்தில் இருந்தால், செல்போனைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அவர்களுக்குத் தெரிந்த கோலங்களை உங்கள் நோட்டில் போட்டுத் தரச் சொல்லுங்கள். என் அம்மாயியிடம் நான் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன். நாற்பது, ஐம்பது கோலமாவது இருக்கும். எனக்கு நினைவிருப்பது ஒன்பது.

கோபப்படாமல் இன்னும் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையும் துணியும் நாரும் தீப்பிடிக்கும் பொருள்கள். அவற்றின் மேல் அகல்விளக்கு வைக்கவே கூடாது. விளக்கு வேண்டுமென்றால் இரண்டு அடி தள்ளி, வெறும் தரையில் வையுங்கள். கம்பி மத்தாப்புக் கொளுத்துவதற்கு முன்னால் அட்டைக் கோலத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். எரிந்த கம்பியைப் போடத் தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும். அட்டை வெட்டும் வேலையை, எட்டு ஒன்பது வயதுக்காரர்கள் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் இந்த ஆண்டு ஒன்பது அட்டை, மூன்றுக்கு மூன்றாக. ஸ்டிக்கர் வாங்கின வாண்டை இழுத்தாயிற்று. அவனுக்கு ஒரு அட்டை, அவன் அக்காவுக்கு ஒன்று. மாடிவீட்டு மலையாளப் பெண் பூவை ஒட்டப் போகிறாளாம், வாடிவிடும் என்று சொன்னாலும் கேட்கவில்லை. அந்த ஒடியா அம்மாவின் மகளுக்கு நடு அட்டை. அவளிடம் படகு போடச் சொல்லலாம் என்று போனால், "எனக்குப் புள்ளிக் கோலம்தான் வேணும் டீச்சர், எங்க மிஸ் சொல்லிக்கொடுத்தாங்க" என்று சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில் சொல்லிவிட்டாள்! சரி என்று ஏழு புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே படகு நான்தான் போட வேண்டும். அறைகளில் எதை எங்கே வைப்பது என்று அவள் அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். துணியை நனைத்து விரல் வழியாக மாவு விடுவதுதான் இன்னும் வரவில்லை. இரண்டு நாளாகக் கொல்லைப்புறத் தரையில் பழகிப் பார்க்கிறேன், பொட்டுப் பொட்டாகச் சொட்டுகிறது. இன்று சாயந்திரம் அவர் வந்து கையைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அரிசியை ஊறவைத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்